நெகிழ்வட்டில் தரவு ஒழுங்கமைவும் வேகமும்

பேச்சில் பிளொப்பி எனப்படும் நெகிழ்வட்டை ஐபிஎம் நிறுவனம் 1971இல் வெளியிட்டது. எட்டு அங்குல அகலமான அந்த முதல் வட்டை வாசிக்க மட்டுமே முடியும். எழுதவும் கூடியது 1973இல் ஐபிஎம் 3740 பொறியுடன் வந்தது. அதில் வட்டமான 77 தடங்கள், தடத்துக்குச் செக்டர் எனப்படும் 26 துண்டுகள், செக்டருக்கு 128 பைற். நிமிடத்துக்கு 360 தடவை சுழலும் அவ்வட்டில் ஒரு செக்டர் வாசிப்புத் தலையைக் கடக்க 6.4 மில்லிசெக்கன்தான் எடுக்கும். வேகச் சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

வாங்கிய செக்டரைக் கணினி கையாண்டு முடிப்பதற்குள் அடுத்தது தலையைத் தாண்டிப் போய்விடும். அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். 1, 2, 3 என வரிசையாக எழுதிய ஒரு தடத்தை இப்படி வாசித்தால் 26 சுற்று, அதாவது நான்கு செக்கனுக்கு மேல். கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம் ஆறு ஆறாகத் தாவியது: 1, 7, 13, 19, 25, 5, 11 என்று. அதே தடம் ஆறே சுற்றில், ஒரு செக்கனில் முடிந்தது. வட்டும் மாறவில்லை, மோட்டாரும் மாறவில்லை. ஆனால் தாவல் தேவைக்கு ஒரு செக்டர் குறைந்தாலும் மறுபடி முழுச்சுற்றுக் காத்திருப்புத்தான். கூடினால் சுழற்சி வீண்.

தலையின் பயணமும் நேரத்தைத் தின்னும். அப்பிள் நிறுவனம் 1978இல் வெளியிட்ட டிஸ்க் II இயக்கியில் 35 தடங்கள். கோப்புப் பட்டியல் 17ஆம் தடத்தில் இருந்தது. கொமடோர் 1541 இயக்கி அதை 18இல் வைத்தது. அப்பிள் பூச்சியத்திலிருந்து எண்ணியது, கொமடோர் ஒன்றிலிருந்து. ஆக இரண்டும் சரியாக நடுத்தடமே. எம்எஸ்-டொஸ் இயங்குதளமோ பட்டியலை வெளி விளிம்பில் வைத்தது. ஒவ்வொரு கோப்பையும் எழுதி முடித்ததும் தலை அங்கே ஓட வேண்டியிருந்தது. வேகத்தைப் பார்த்தால் அது மோசமான தெரிவு.

1.44 மெகாபைற் வட்டில் தடத்துக்கு 18 செக்டர்கள். ஒன்று கடக்க 11 மில்லிசெக்கன். தலை அடுத்த தடத்துக்கு நகர்ந்து நிலைகொள்ள ஏறத்தாழ 18 மில்லிசெக்கன் பிடிப்பதால், அத்தடத்தின் முதல் செக்டர் தவறிவிடும். எஃப்டிபோர்மற் போன்ற வட்டு வடிவமைப்பு நிரல்கள் ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்தையும் சில செக்டர்கள் தள்ளி வைத்து இதைத் தீர்த்தன. 1985இல் வந்த அமிகா கணினி முழுத் தடத்தையும் ஒரேயடியாக நினைவகத்துக்குள் எடுத்ததால், அதற்குச் செக்டர் வரிசை பொருட்டே இல்லை.

இந்தக் கணக்கு பிளொப்பியோடு நிற்கவில்லை. 1983இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்ரியின் 10 மெகாபைற் வன்வட்டும் ஆறுக்கு ஒன்று என்ற தாவலுடனேயே விற்பனைக்கு வந்தது.