முடக்கத்தான்

மழை பெய்து ஓய்ந்ததும் வேலியோரம் பற்றிப் படரும் கொடி. விதைக்காமலே முளைப்பது, கிராமத்தில் காசு கொடுத்து வாங்காத கீரை.

பெயரின் முதற்பகுதி ‘முடக்கு’. முடங்கு, முடம், முடவன் ஆகியவற்றோடு உறவுடைய சொல் இது. முடக்குவாதத்தில் வருவதுபோல மூட்டுகள் மடக்க நீட்ட முடியாமல் இறுகுவதைக் குறிக்கும். பின்பகுதியை இரு வகையாகப் பிரிப்பர். முடக்கை அறுப்பது என்று கொண்டால் ‘முடக்கு + அறுத்தான்’. முடக்கு இல்லாமற்போவது என்று கொண்டால் ‘முடக்கு + அற்றான்’. காற்று ‘காத்து’ ஆவதும் நேற்று ‘நேத்து’ ஆவதும் போல, ‘முடக்கற்றான்’ பேச்சில் முடக்கத்தான் ஆவது இயல்பே. யாழ்ப்பாணத்தில் ‘முடக்கொத்தான்’ என்பார்கள். எப்படிப் பிரித்தாலும், மூட்டுவலிக்கு இக்கீரை நல்லது என்ற நாட்டு நம்பிக்கையே பெயருக்கு அடிப்படை.

தளிரையும் இலையையும் கிள்ளி வந்து அரிசியோடு அரைத்துத் தோசை வார்ப்பார்கள். ரசத்தில் போடுவதும் துவையல் அரைப்பதும் உண்டு. இலேசான கசப்பு மாவில் அடங்கிவிடும்.

காற்றடைத்த பையாகத் தொங்கும் காயை நெற்றியில் அடித்து ‘டப்’ என உடைப்பது சிறுவர் விளையாட்டு. உள்ளிருக்கும் கரிய விதையில் இதய வடிவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அதனால்தான் தாவரவியலார் இதன் பேரினத்துக்குக் கிரேக்கத்தில் ‘இதய விதை’ எனப் பொருள்படும் ‘கார்டியோஸ்பெர்மம்’ என்ற பெயரை இட்டார்கள். அவர்கள் விதையைப் பார்த்தார்கள். நம்மவர்கள் மூட்டைப் பார்த்தார்கள்.