2147483647: ஒரு முதன்மை எண்ணின் கதை

நெல்லியடியில் மாலை வகுப்பில் கணிதம் கற்பிக்கிறேன். முதன்மை எண்கள் பற்றிய பாடம் வரும்போது, கரும்பலகையில் 2147483647 என்று எழுதி, "இதற்குக் காரணி உண்டா?" என்று கேட்பேன். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் வரும் எண் இது. மேர்சென் முதன்மை எண்களில் எட்டாவது.

இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46,341. அதற்குட்பட்ட முதன்மை எண்கள் 4,700இற்கும் மேல். எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இதற்கு முதன்மைக் காரணி ஒன்று இருந்தால், அதை 62ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இப்படிச் சலித்தால் எஞ்சுபவை நூறுக்கும் குறைவு. பார்வையை ஏறக்குறைய முழுதாக இழந்திருந்த ஓய்லர், 1772இல் இவ்வழியில்தான் இது முதன்மை எண் என நிறுவினார்.

கணினிக்குள்ளும் இது ஓர் எல்லைக்கல். குறியுடன் 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. பல பழைய கருவிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் செக்கன்களாக எண்ணி, அந்த 32 பிட்டுக்குள் வைக்கின்றன. எங்கள் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8.44.07இற்கு அந்த எண்ணிக்கை இந்த முதன்மை எண்ணைத் தொடும். அடுத்த செக்கனில், திருத்தப்படாத கருவி 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும்.

64 பிட்டில் நேரத்தை எண்ணினால் சிக்கல் தீரும். வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த கணினிகளைப் பாடசாலைக்கு வாங்குபவர்கள், இதை இப்போதே கேட்டு வாங்குவது நல்லது.