எந்தக் கைக்குத் தகுந்தது?



அபிராமபுரத்தை ஒட்டி ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து இந்த நினைவுரையைத் தொடங்குவோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதி, 1877-78இல் தாதுவருஷப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் பிடித்த மண்வெட்டியால் உண்டான கால்வாய் இது. பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது. படகு போன அந்த நீர்வழி இன்று சாக்கடையாகக் கிடக்கிறது. அதன்மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது. ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போது, அதற்குள் இறங்கிய உடல்கள் யாருடையவை என்று நாம் கேட்பது இதனால்தான்.

உள்ளூர்ப் பொருள், உள்ளூர் உழைப்பு, குறைந்த செலவு, மண்ணுக்குக் கேடில்லாத முறை: இவைதான் 'தகுந்த தொழில்நுட்பம்' என்பதன் இலக்கணம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இதற்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். 1973இல் வெளியான 'சிறியதே அழகு' நூலில் ஷூமாகர் அவரை மேற்கோள் காட்டுகிறார். நல்ல கொள்கைதான். ஆனால் உள்ளூர் உழைப்பு என்றால் எந்தத் தெருவின் உழைப்பு? ஊரா, சேரியா?

எடுப்புக் கக்கூஸை இந்த இலக்கணத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், செலவு குறைவு, கழிவும் எருவாகும். எல்லாத் தேர்விலும் அது தேறிவிடும். அதை இயக்கியது மட்டும் ஒரு சாதியின் கையும் தலையும். கிராமக் கைத்தொழிலைப் போற்றிய காந்தியத்துக்கு அம்பேத்கர் 1945இல் எழுதிய மறுப்பின் சாரம் இதுதான்: தீமை இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலரே அள்ளிக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது. மனிதருக்கு ஓய்வும் பண்பாடும் வாய்க்க இயந்திரம் வேண்டும் என்றார் அவர்.

அப்படியானால் பாதாளச் சாக்கடை விடுதலை தந்ததா? வாளி போனது, ஆளிறங்கு குழி வந்தது. இறங்கியவர்கள் பெரும்பாலும் அதே சாதியினர். 1993இலும் 2013இலும் தடைச் சட்டங்கள் வந்தன. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகை 30 லட்சமானது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கக் கூடாது என்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. தொகை ஏறியதும் தடை திரும்பத் திரும்ப வந்ததும் எதைக் காட்டுகின்றன? சாவு நிற்கவில்லை என்பதைத்தான்.

மாற்று இல்லாமல் இல்லை. இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துகிறோம். ஓரிரு ஆண்டுகளில் முதல் குழியில் இருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். காவிரிக்கரை முசிறியில் நிலத்தடி நீர்மட்டம் மேலே இருப்பதால் குழி தோண்டுவது கிணற்றைக் கெடுக்கும். அங்கே 'ஸ்கோப்' அமைப்பு, மலத்தையும் சிறுநீரையும் பிரித்துச் சாம்பல் தூவும் சூழல் கழிப்பறைகளைக் கட்டியது. சிறுநீர் உரமாகும் என்பதால், பொதுக் கழிப்பறைக்கு வந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்ததும் உண்டு. கழிவுக்குக் காசு கட்டிப் பழகிய நாட்டில், கழிவுக்கே விலை உண்டு என்று காட்டிய காரியம் அது.

இருந்தும் இவை ஏன் எங்கும் பரவவில்லை? வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்த டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் வெளியிட்ட நூலில் ஒரு காரணம் சொல்கிறார்கள்: குழியை அள்ளுவது தீண்டத்தகாதவர் வேலை என்று மக்கள் கருதுகிறார்கள். அதனால் சிறு குழியை ஒதுக்கிப் பெரிய தொட்டி கட்டுகிறார்கள். இல்லாவிட்டால் வெளியே போகிறார்கள். எவர் கையும் தொடக்கூடிய எருவாகக் கழிவைத் தொழில்நுட்பம் மாற்றிவிட்டது. கையைத்தான் சாதி இன்னும் விடவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் திட்டம் வந்தாலும் தண்ணீர்க் கணக்கு, மின்சாரக் கணக்கோடு இன்னொரு கணக்கும் கேளுங்கள். பழுதானால் யார் இறங்குவார்? நிரம்பினால் யார் அள்ளுவார்? அந்த வேலையைத் தன் பிள்ளைக்குத் தர, திட்டம் தீட்டியவர் சம்மதிப்பாரா? சம்மதிப்பார் என்றால்தான் அது தகுந்த தொழில்நுட்பம்.