கரோட்டின் உடலைச் சென்றடையும் வழி அறியப்பட்ட வரலாறு

கரோட்டின் என்பது கேரட், மாம்பழம், பூசணி முதலியவற்றுக்கு மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம் தரும் நிறமி. கீரைகளிலும் இது மிகுதி; பச்சையம் அதன் நிறத்தை மறைத்துவிடுகிறது. ஜெர்மானிய வேதியியலாளர் வாக்கன்ரோடர் 1831-இல் இதைக் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்தார். உண்பவர் உடலில் அது என்ன செய்கிறது என்ற கேள்வி எழ ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீன்பாக், மஞ்சள் மக்காச்சோளம் தின்ற எலிகள் வளர்வதையும் வெள்ளை மக்காச்சோளம் தின்றவை நலிவதையும் கண்டார். வைட்டமின் ஏ-வுக்கும் மஞ்சள் நிறமிக்கும் தொடர்பு இருக்கலாம் என 1919-இல் எழுதினார். ஆனால் நிறமற்ற கல்லீரல் சாற்றிலும் அந்த வைட்டமின் நிறைந்திருந்தது. இம்முரணைத் தீர்த்தவர் கேம்பிரிட்ஜின் தாமஸ் மூர். வைட்டமின் ஏ குறைந்த எலிகளுக்குக் கரோட்டின் ஊட்டியபோது அவற்றின் கல்லீரலில் வைட்டமின் ஏ சேர்வதை 1930-இல் அவர் காட்டினார். மஞ்சள் நிறமி உடலுக்குள் நிறமற்ற வைட்டமினாக மாறுகிறது என்பது தெளிவாயிற்று. மாற்றம் நிகழுமிடம் கல்லீரலே என்று வெகுகாலம் கருதப்பட்டது. அது முதன்மையாகச் சிறுகுடல் சுவரில் நடப்பதை 1940-களின் பிற்பகுதி ஆய்வுகள் நிறுவின.

இதற்கு முன்னும் பின்னும் பல தடைகள் உள்ளன. தாவரச் செல்லின் சுவர் உடைந்தால்தான் கரோட்டின் வெளிவரும். அது நீரில் கரையாது. உணவிலுள்ள கொழுப்பும் பித்தநீரும் சேர்ந்து உருவாக்கும் நுண்துளிகளில் ஏறியே குடல் சுவரை அடைகிறது. அங்கு நொதியால் பிளக்கப்பட்ட பின், கொழுப்புத் துகள்களுடன் முதலில் நிணநீரிலும் பிறகு இரத்தத்திலும் கலந்து கல்லீரலுக்குச் செல்கிறது. பிளக்கப்படாத பகுதி கொழுப்புத் திசுக்களில் தங்கும். கேரட்டை அளவின்றி உண்பவரின் உள்ளங்கை மஞ்சளாவது இதனால்தான். அது மஞ்சள் காமாலை அன்று.

இத்தடைகளின் பளு 1995-இல் வெளியான மேற்கு ஜாவா ஆய்வில் தெரிந்தது. பாலூட்டும் தாய்மாரில் ஒரு பிரிவினர் நாள்தோறும் கரும்பச்சைக் கீரை உண்டனர். இன்னொரு பிரிவினருக்கு ஏறத்தாழ அதே அளவு பீட்டா கரோட்டின் சேர்த்த பிஸ்கட் தரப்பட்டது. பிஸ்கட் உண்டவர்களின் இரத்தத்தில் வைட்டமின் ஏ உயர்ந்தது. கீரை உண்டவர்களுக்கு உயரவில்லை. மாலைக்கண்ணும் பார்வையிழப்பும் குழந்தைகளை அச்சுறுத்திய நாடுகளில் கீரையையே தீர்வாக நம்பியிருந்தோருக்கு இது பேரதிர்ச்சி.

அதுவரை உணவிலுள்ள 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்கு ஈடாகக் கணக்கிடப்பட்டது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2001-இல் அதை 12 மைக்ரோகிராம் என மாற்றியது. ஒரே கணக்கில் கீரையின் மதிப்பு பாதியாயிற்று. ஆயினும் கீரை பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. நன்கு வேகவைத்து, மசித்து, சிறிது எண்ணெய் சேர்க்கும்போது உறிஞ்சப்படும் அளவு கூடுகிறது. குடற்புழு நீக்கமும் உணவுக் கொழுப்பும் சேர்ந்தபோது குழந்தைகளின் வைட்டமின் ஏ அளவு மேம்பட்டதை 1998-இல் வெளியான மேற்கு சுமத்ரா ஆய்வு காட்டியது.