பெயரும் இலக்கமும்: இணையக் களப்பெயர் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கணினிகளுக்குரிய பெயர்களைப் பதியும் பொறுப்பு ஒரு காலத்தில் ஒரே அலுவலகத்திடம் இருந்தது. அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே இணைந்த கணினிகளின் பெயர்களும் இலக்கங்களும், மென்லோ பார்க்கிலிருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் நிலையத்தாரால் ஒரே பட்டியலாகப் பேணப்பட்டன. ஏனையோர் அதனைப் பிரதிசெய்துகொண்டனர். வலையமைப்பு வளர இம்முறை தளர்ந்தது. 1983 ஆம் ஆண்டிலே போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த களப்பெயர் முறைமை, அப்பட்டியலை மரக்கிளைகள் போலப் பகுத்து, ஒவ்வொரு கிளையையும் அதற்குரியோரிடமே ஒப்படைத்தது.

எனினும் பெயர் இலக்கத்தினின்று முற்றாக விடுபடவில்லை. வலைப்பக்கமொன்றை வேண்டும் கணினி, தான் நாடும் தளத்தின் பெயரையும் கூறவேண்டும் என்ற நியதி தொடக்கத்தில் இருக்கவில்லை. ஆகவே ஒரே கணினியில் பல தளங்கள் இருப்பின், ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வேண்டியிருந்தது. இலக்கங்களோ ஏறத்தாழ 430 கோடியே. 1997 இல் வெளிவந்த எச்.ரி.ரி.பி. 1.1 விதிகள் பெயர் கூறுதலைக் கட்டாயமாக்கின. மறைகுறியாக்கப்பட்ட தொடர்புக்கு இதையொத்த ஏற்பாடு 2003 ஆம் ஆண்டிலேதான் வகுக்கப்பட்டது. அதிலும் பெயர் மட்டும் மறைக்கப்படாமலே சென்றமை விசித்திரமே.

2013 இல் டொக்கர் வெளியானபின் பெருகிய கொள்கலன் முறையும் இவ்விதிகளையே சார்ந்துள்ளது. நிலையான பக்கங்களைத் தம் சொந்தக் கணினியில் வைத்திருப்போர், தளத்துக்கொரு கொள்கலன் அமைத்து, வாயிற்காவலன் போன்ற ஒரு நிரலை முன்னிறுத்துவர். வருவோர் கூறும் பெயரைக் கேட்டு, அது உரிய கொள்கலனுக்கு அவர்களை அனுப்பும். கணினி அவர்களுடையது, கோப்புகளும் அவர்களுடையன. பெயரோ தவணைக்குப் பதியப்படுவது. புதுப்பிக்கத் தவறின் பிறர் அதனைப் பெறலாம். அப்போது பழைய பெயரை நம்பி வருவோர் வேறொருவர் வாயிலையே அடைவர்.