உறையும் திரை: நீண்ட லூப்களும் சாளர நிரல்களும், 1985–2012

சாளர நிரல் ஒன்றில் மவுஸ் சொடுக்கு, விசையழுத்தம், திரையை மீண்டும் வரையும் கட்டளை எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அவற்றை எடுத்துக் கவனிப்பது ஒரேயொரு த்ரெட், அதாவது நிரலின் ஒரே செயலோட்டம். அதே த்ரெட் லட்சக்கணக்கான பதிவுகளைக் கணக்கிடும் லூப்பில் இறங்கிவிட்டால் வரிசை தேங்குகிறது. ரத்து பொத்தானும் வேலை செய்வதில்லை. கணினிகள் பல மடங்கு வேகம் பெற்ற பின்னும் இச்சிக்கல் தீரவில்லை. யார், எப்போது வழிவிடுவது என்பதே இதன் அடிப்படைக் கேள்வி என்பதும், அந்தப் பொறுப்பு கைமாறியதே இதன் வரலாறு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1985இல் வெளிவந்த முதல் விண்டோஸ் தொடங்கி 3.1 வரை, நிரல்கள் தாமாக வழிவிட்டால்தான் அடுத்த நிரல் ஓடும். ஒரு நிரலின் லூப் எல்லா நிரல்களின் சாளரங்களையும் முடக்கியது. 1987இல் மல்டிஃபைண்டர் வந்த மேகின்டாஷிலும் இதே ஏற்பாடுதான்.

1991இல் வந்த விஷுவல் பேசிக், இப்பொறுப்பை ‘டூஈவன்ட்ஸ்’ என்ற ஒற்றைக் கட்டளையாகச் சுருக்கியது. லூப்பின் நடுவே அதை எழுதினால், தேங்கிய நிகழ்வுகள் கவனிக்கப்பட்ட பிறகு லூப் தொடரும். தொழில்முறை நிரலாளர் அல்லாதவர்களுக்கும் இது பெரும் வரம். ஆனால் அதன் ஆபத்து நுட்பமானது. பயனர் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால், முதல் லூப்புக்குள்ளேயே இரண்டாவது லூப் தொடங்கும். அது முடியும்வரை முதலாவது காத்துக் கிடக்கும். பாதியில் படிவத்தை மூடினாலும் லூப் நிற்பதில்லை. மூடிய படிவத்தின் கட்டுப்பாடு ஒன்றை அது தொட்டால், விஷுவல் பேசிக் அப்படிவத்தைப் பயனர் கண்ணுக்குத் தெரியாமல் மீண்டும் நினைவகத்தில் ஏற்றிவிடும். டெல்ஃபியின் ‘ப்ராசஸ்மெசேஜஸ்’, க்யூட்டியின் ‘ப்ராசஸ்ஈவன்ட்ஸ்’ ஆகியவையும் இதே வழியில் வந்தவை. இதே மறுநுழைவுச் சிக்கலைச் சுமந்தவை.

1993இன் விண்டோஸ் என்டி, வழிவிடும் பொறுப்பை நிரலிடமிருந்து பறித்து இயங்குதளத்திடம் கொடுத்தது. இதனால் பக்கத்து நிரல்கள் தப்பின. லூப்பில் சிக்கிய நிரலின் சொந்தச் சாளரம் தப்பவில்லை. ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இன்னொரு பாடம் தந்தது. நேரப் பங்கீட்டை இயங்குதளமே செய்தும், உள்ளீட்டு வரிசை எல்லா நிரல்களுக்கும் பொதுவாக இருந்ததால் ஒரு நிரலின் முடக்கம் அனைத்தையும் தடுத்தது.

அப்படியானால் பல த்ரெட்கள் ஒரே சாளரத்தைக் கையாளலாமே என்ற எண்ணம் இயல்பானது. சன் நிறுவனத்தின் கிரகாம் ஹாமில்டன் 2004இல் அதை நிறைவேறாத கனவு என்றே மதிப்பிட்டார். பயனரின் நிகழ்வுகள் இயங்குதளத்திலிருந்து மேலேறி வருகின்றன. நிரலின் கட்டளைகள் மேலிருந்து கீழிறங்குகின்றன. இரண்டும் எதிரெதிர் வரிசையில் பூட்டுகளைப் பிடிப்பதால் முட்டி நின்றுவிடுகின்றன. அவர் கணிப்பு சரியென்றே கருதுகிறேன். திரைக்கு ஒரே த்ரெட், கணக்குக்கு வேறொன்று என்ற பிரிவினைதான் நிலைத்தது. 2005இல் டாட்நெட் 2.0இன் ‘பேக்ரவுண்ட்வொர்க்கர்’, 2006இல் ஜாவா 6இன் ‘ஸ்விங்வொர்க்கர்’ ஆகியவை அதை எளிதாக்கின.

2012இல் சி ஷார்ப் 5, ‘அசிங்க்–அவெயிட்’ வழியாகப் பணியைத் துண்டாக்கும் வேலையைக் கம்பைலரிடம் ஒப்படைத்தது. கோப்புக்கும் வலையமைப்புக்கும் காத்திருக்கும் பணிகளுக்கு இது அருமையான தீர்வு. கணக்கிலேயே மூழ்கும் லூப்புக்கு இது மட்டும் போதாது. அதை வேறு த்ரெட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

எக்செல் மேக்ரோக்களின் விபிஏ மொழியிலோ த்ரெட் உருவாக்கும் வசதியே இல்லை. அங்கே டூஈவன்ட்ஸ் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதைப் பயன்படுத்துவதானால், லூப் ஓடத் தொடங்குமுன் அதைத் தொடக்கும் பொத்தானை முடக்குங்கள். ரத்துக்கென ஒரு மாறியை வைத்து ஒவ்வொரு சுற்றிலும் சோதியுங்கள். டூஈவன்ட்ஸைச் சுற்றுக்கு ஒருமுறை அழைக்காமல், ஏறத்தாழ 0.1 விநாடிக்கு ஒருமுறை அழையுங்கள்.