வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்



காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் மக்கள் திரண்டார்கள். காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்தும் இந்த நாளில், பஞ்சமி நிலங்கள் எந்தெந்தக் காகிதங்களின் வழியாக நம் கையைவிட்டுப் போயின என்பதையும் பேசியாக வேண்டும்.

இன்று மனை வாங்கப் போகிறவர் என்ன பார்க்கிறார்? முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா. மூன்றும் சரியாக இருந்தால் முன்பணம் கொடுத்துவிடுகிறார். பல பஞ்சமி நிலங்களில் இந்த மூன்றும் சரியாகவே இருக்கும். ஆனாலும் விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்திருக்காது. இது எப்படி நேர்ந்தது என்று தெரிய 1891க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஊரில் தரிசு கிடக்கும். அதைக் கேட்டு எவரும் தர்காஸ்து மனு போடலாம் என்பது பெயரளவு விதி. ஆனால் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரியிலிருந்து ஒருவர் மனு போட்டால், மிராசுதார் தனக்கு அந்த நிலம் வேண்டுமென்று குறுக்கே நிற்பார். குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாரின் பிடியில் இருந்ததால், எதிர்த்துப் பேசினால் வீடும் போகும். நிலமில்லாமை என்பது வறுமையின் விளைவு மட்டுமல்ல, விதிகளால் பாதுகாக்கப்பட்ட ஏற்பாடு என்பதை அரசின் அதிகாரியே எழுதிவைத்த ஆவணம் அது.

இந்த அறிக்கையின் மீதான விவாதத்தின் முடிவில் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்க வழி பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ தானம் தரவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது. யார் கையில் இருந்தாலும் அரசு இழப்பீடின்றித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நம்மைச் சொத்தை நிர்வகிக்கத் தெரியாதவர்களாகக் கருதிப் போட்ட விலங்கு இது என்று சிலர் சொல்வதுண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. ஊரில் கடன் கொடுப்பவரும் கூலி கொடுப்பவரும் நிலத்தை விரும்புபவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, விற்கும் சுதந்திரம் என்பது விற்கவைக்கும் சுதந்திரமாகத்தான் முடியும். அதைத் தடுக்கப் போட்ட வேலி அது.

வேலியை எப்படித் தாண்டினார்கள்? கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் ஒத்தியானது. ஒத்தி கிரயமானது. பின்னாளில் பொது அதிகாரப் பத்திரமும் பினாமிப் பெயரும் வந்தன. கைநாட்டு வைத்தவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டியவர் பெரும்பாலும் வாங்குபவரின் ஆள்.

இங்கே மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிகிறது. உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அரசு கொடுக்கும் நில மானியத்தைப் பதிவு செய்யக் கட்டாயமில்லை என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒப்படை உத்தரவும் அதன் நிபந்தனையும் வருவாய்த்துறைக் கட்டில் தங்கிவிட்டன. சார்பதிவாளர் புத்தகத்துக்கு வரவில்லை. வில்லங்கச் சான்று அந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுவது. நிபந்தனையை மீறிய கிரயம் அதில் வரும், நிபந்தனை வராது. முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் சான்று சுத்தமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்த அடி பட்டாவில் விழுந்தது. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று நாம் சொல்வதில், அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பல இடங்களில் பட்டா ஏறியது. பழைய ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த டி.சி. என்ற இரண்டு எழுத்து புதிய பதிவேட்டுக்கு வராமல் போன கிராமங்கள் உண்டு.

தெரியாமல் வாங்கிய எனக்கு என்ன பதில் என்று வாங்கியவர் கேட்பார். நியாயமான கேள்விதான். தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்குத் தர முடியாது என்பது சொத்துச் சட்டத்தின் அடிப்படை. கர்நாடகம் 1978இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஒப்படை நிலத்தின் பழைய கைமாற்றங்களையும் செல்லாதாக்கி, நிலத்தை உரியவருக்குத் திருப்பித் தர வழிசெய்தது. மஞ்சேகவுடா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. நிபந்தனையை மீறி வாங்கியவர் பெற்றது ரத்து செய்யத்தக்க உரிமை மட்டுமே என்றும் சொன்னது. அதே தீர்ப்பு, சட்டம் வருவதற்கு முன்பே நெடுங்கால எதிரிடை அனுபவத்தால் உரிமை முற்றியவர்களுக்கு விலக்கும் தந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம், மீட்பு மனு நியாயமான காலத்துக்குள் வர வேண்டும் என்றது. 2023இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்திக் காலவரம்பு கிடையாது என்று எழுதிக்கொண்டது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஒப்படை நிபந்தனையும் நிலை ஆணைகளும்தான் நம் கையில் இருப்பவை. நாம் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் எதிர்த்தரப்பின் கணக்கில் சேர்கிறது.

ஆனால் நம் கோபம் சரியான இடத்துக்குப் போக வேண்டும். நூறு ஏக்கரை வளைத்தவரும், சீட்டுக் கட்டி ஒரு மனை வாங்கிய கூலித் தொழிலாளியும் ஒன்றல்ல. மனை வாங்கிய அந்தத் தொழிலாளி நம் சேரிக்காரராகவே இருக்கலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, தனக்கு விற்கும் அதிகாரம் உண்டு என்று விற்பவர் உறுதி சொன்னதாகவே கொள்ளப்படும். ஏமாந்தவர் தன் பணத்தை விற்றவரிடம் கேட்க வேண்டும். பஞ்சமி நிலம் அந்த நட்டத்துக்கு ஈடாக முடியாது.

வேலை தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. உங்கள் கிராமத்தின் இன்றைய ‘அ’ பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். புல எண்ணுக்குப் புல எண் ஒப்பிடுங்கள். பழையதில் டி.சி. என்று இருந்து புதியதில் இல்லாத ஒவ்வொரு எண்ணையும் பட்டியலிடுங்கள். மனை வாங்கப் போகும் உங்கள் அண்ணனுக்கும் அக்காவுக்கும் இதையே சொல்லுங்கள்.

காரணையில் மக்கள் கேட்டது புதிய சலுகை அல்ல. 1892இல் அரசு தானே எழுதிய வாசகத்தைத் தானே படிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அந்த வாசகம் பழைய பதிவேடுகளில் இன்னும் இருக்கிறது. எடுத்து வாசிக்க வேண்டியவர்கள் நாம்.